ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நமக்கு எழுதியிருந்தார். நாலு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, வீட்டில் ஐந்து பேர். தாத்தா காலத்து ஓட்டு வீடு சாய்ந்துவிட்டது. புதிதாகக் கட்டியாக வேண்டும். "மண், சுண்ணாம்பு என்று இயற்கைப் பொருளில் கட்டலாம் என்கிறான் மகன். மண் வீட்டை விட்டு வெளியே வரத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம் என்று என் அம்மா அழுகிறார்கள். நிலத்தை அடகு வைத்துக் கட்டப்போகிற வீடு. யார் சொல்வதைக் கேட்பது?" என்பது அவர் கேள்வி.

இருந்த இடத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. வீடு நிற்கப்போகிற மண்ணைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்லவும் கூடாது. அதனால் சங்கரன்கோவிலுக்கே போனோம்.

கையில் ஒரே ஒரு அளவுகோல் இருந்தது. இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அடிக்கடி சொன்ன செய்தி அது. வீடு கட்டும் பொருள், கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் தன்னிடம் சொன்னதாக அவர் நினைவுகூர்வார். ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். ஒரு மாட்டு வண்டி காலையில் போய், பாரம் ஏற்றி, மத்தியானத்துக்குள் திரும்பிவிடும் தூரம். சங்கரன்கோவில் பகுதியில் அந்தத் தூரத்துக்குள் என்னென்ன கிடைக்கும்?

மண்ணே பிரசாதமாகும் ஊர்

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது சங்கரநாராயணர் கோவிலின் ராஜகோபுரம். ஆடித் தபசுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் கோவில். இங்கே தரும் பிரசாதம் புற்றுமண். அதை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். மண்ணை இவ்வளவு மரியாதையாக மடித்து வாங்கிப்போகிற ஊரில் "மண் வீடு" என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

புற்றுமண்ணுக்குக் கட்டட வேலையிலும் இடம் உண்டு. கரையான் மென்று ஒட்டிய மண் கெட்டியாக இறுகும். தரை போடவும் சுவர் பூசவும் அந்தக் காலத்தில் அதைக் கொண்டுவந்து குழைத்தார்கள்.

கோபுரத்தையும் கவனியுங்கள். நம் பக்கத்துப் பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்தவை. சிமென்ட் என்ற பொருள் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டியவை. நாம் தேடும் பொருள்களில் ஒன்று ஊர் நடுவிலேயே வானத்தைத் தொட்டு நிற்கிறது.

கிழக்கே கரிசல்

ஊரை விட்டுக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலைப் பக்கம் போனால் நிலம் கறுத்துவிடும். பருத்தியும் உளுந்தும் விளையும் கரிசல். கோடையில் அதில் விழும் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். முதல் மழையில் அதே மண் நீரைக் குடித்து உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். பயிருக்கு இது வரம். வீட்டுக்கு இதுதான் வில்லங்கம்.

கரிசலில் ஆழம் பார்க்காமல் கடைக்கால் போட்ட வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுவதைப் பார்க்கலாம். கான்கிரீட் வீடாக இருந்தாலும் விரிசல் விழும். சுவர் என்ன பொருள் என்பது அங்கே கணக்கில்லை. அடியில் மண் வருஷம் ஒருமுறை ஏறி இறங்குவதுதான் காரணம்.

கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் வானம் தோண்டும்போது கறுப்பு மண் முடிந்து சுக்கானோ கெட்டியான சரளையோ தட்டுப்படும்வரை போக வேண்டும். நாலைந்து அடியில் தட்டினால் நல்லது. அங்கிருந்து கருங்கல் கடைக்கால் எழுப்பி, பக்கவாட்டில் தோண்டிய கரிசலையே திரும்பப் போடாமல் சரளையோ மணலோ போட்டு நிரப்ப வேண்டும். தரைமட்டத்தில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். கறுப்பு மண் ஆழமாகப் போனால் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே உருவாக்கிய முறை ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குடம்போல் அகட்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்புவார்கள். 'அண்டர் ரீம்டு பைல்' என்று பொறியாளரிடம் கேட்டால் தெரியும். இந்த இடத்தில் சிமென்டையும் கம்பியையும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கரிசலைத் தனியாகக் குழைத்துச் சுவர் வைத்தால் காய்ந்ததும் பிளக்கும். மணல் கலந்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்பும் விட்டால்தான் அடங்கும். ஒட்டுமண் அதிகமுள்ள நிலத்துக்குச் சுண்ணாம்பு பொருந்தும். மணற்பாங்கான நிலத்துக்குச் சிமென்ட் பொருந்தும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கரிசல் பூமி கையை விரித்துவிடவும் இல்லை. அதன் அடியில் கிடக்கும் சுக்கான்கல் சுண்ணாம்பு சேர்ந்த கல். பழைய காரை வீடுகளுக்கு இந்த மாதிரிக் கல்லைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

மேற்கே செவல்

மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் திரும்பினால் மலை நெருங்க நெருங்க மண் சிவக்கிறது. எலுமிச்சைத் தோட்டங்களுக்கு இடையில் கிடக்கும் இந்த மண்ணை நம் மக்கள் செவல் என்பார்கள். ஊர்ப் பெயரிலேயே செவல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நெற்கட்டும்செவல் என்று.

பூலித்தேவரின் ஊர் அது. சங்கரன்கோவில் கோவிலுக்குள் போய் அவர் மறைந்தார் என்று இந்தச் சீமை இன்றும் நம்புகிறது. அவர் காலத்துப் பாளையக்காரர்களின் கோட்டைகள் பெரும்பாலும் மண் கோட்டைகள். பீரங்கி கொண்டுவந்த கும்பினிப் படைக்கு வாசுதேவநல்லூர் கோட்டை லேசில் பணியவில்லை. 1799-ல் இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களில் மண்ணாலேயே மறுபடி எழுப்பினார்கள். அதைப் பிடிக்க வெள்ளைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. மண் பலமில்லாத பொருள் என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் சீமையின் சரித்திரமே பதில்.

ஆனாலும் எல்லாச் செம்மண்ணும் சுவருக்கு ஆகாது. வீட்டிலேயே சோதிக்கலாம். மேல்மண் ஓரடியைத் தள்ளிவிட்டு, அடிமண்ணை எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் படியும். வண்டல் அரை மணி நேரத்தில் இறங்கும். களி இறங்க ஒரு நாள் ஆகும். மறுநாள் அடுக்குகளை அளந்து பாருங்கள். நூறில் 15 சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி என்பது அழுத்திய மண் கல்லுக்கு ஏற்ற கலவை என்று ஆரோவில் மண் கட்டடக் கழகம் சொல்கிறது. கொஞ்சம் முன்பின் இருந்தால் மணலோ களியோ சேர்த்துச் சரிசெய்யலாம்.

இன்னொரு சோதனை. மண்ணைப் பிசைந்து கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி, மேசை விளிம்புக்கு மேலே மெதுவாகத் தள்ளுங்கள். இரண்டு அங்குலத்துக்குள் ஒடிந்தால் மணல் அதிகம். ஆறு அங்குலம் வரை ஒடியாமல் தொங்கினால் களி அதிகம். நடுவில் ஒடிந்தால் நல்ல மண்.

விழுந்த வீடுகள் சொல்வது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் விழுந்த வீடுகளில் மண் சுவர் வீடுகள் ஏராளம். மகனின் ஆசைக்கு எதிராகப் பாட்டி இதைத்தான் சொல்லியிருப்பார். அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் மண் சுவர் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒன்று, அடிச்சுவரில் தண்ணீர் தேங்கி, கால் ஊறி உட்காரும். இல்லையென்றால் கூரை ஒழுகி, தலை நனைந்து வாய் பிளக்கும். காலும் தலையும் நனையாத மண் சுவர் நூறு வருஷம் நிற்கும். குடையும் செருப்பும் கொடுத்துவிட்டால் மண் சுவர் மழைக்கு அஞ்சாது. செருப்பு என்பது தரையிலிருந்து இரண்டடி உயரக் கருங்கல் பேஸ்மட்டம். குடை என்பது சுவரைத் தாண்டி இரண்டடியாவது வெளியே நீளும் இறவாரம்.

குளத்துக்குக் கீழேயோ ஓடை வழியிலோ மனை இருந்தால் கதை வேறு. அங்கே ஜன்னல் மட்டம் வரை கல்லோ சுட்ட செங்கல்லோதான் வைக்க வேண்டும். இடம் மாற்ற முடிந்தால் அதைவிட நல்லது.

பாட்டியின் அழுகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாரம் தவறாமல் சாணம் மெழுகியது யார்? மழை முடிந்ததும் மண் குழைத்துச் சுவர் பூசியது யார்? கூரை மாற்றும் நாளெல்லாம் முற்றத்தில் சமைத்துப் போட்டது யார்? மண் வீட்டின் குளிர்ச்சியைப் பேசுகிறவர்கள் அந்தக் குளிர்ச்சிக்குப் பெண்கள் செய்த வேலையைப் பேசுவதில்லை. புதிதாகக் கட்டும் இயற்கை வீடு அந்த வேலையைத் திரும்பக் கொண்டுவருமானால் அதைக் கட்டவே வேண்டாம். கொண்டுவராமல் கட்ட வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மலைக்கு அந்தப் பக்கம்

வழி இருக்கிறது. சங்கரன்கோவிலில் கொல்லம் ரயிலேறினால் தென்காசி, செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழைவீர்கள். தென்மலைக்கு முன்னால் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். நூறு வருஷத்துக்கு முன் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. இன்னும் வடக்கே போனால் 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை. அதுவும் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் கலந்த காரையால் எழுந்ததுதான். பிற்காலத்தில் கான்கிரீட்டால் பலப்படுத்தினார்கள் என்றாலும், தென் மாவட்டத்து வயல்களுக்குத் தண்ணீர் தந்த சுவர் அது.

கொல்லம் வழியாகத் திருவனந்தபுரம் போனால் லாரி பேக்கரின் கட்டடங்களைப் பார்க்கலாம். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் சுழன்றேறும் இந்தியன் காபி ஹவுஸ். அங்கே பெய்யும் மழை நம் மழையைவிட மிக அதிகம். பூசாத செங்கல் சுவர்கள் அந்த மழையிலும் நிற்கின்றன.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

எலிப்பொறிக் கட்டு: செங்கல்லைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது.

ஓடு பதித்த தளம்: கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் கம்பிகளுக்கு இடையே பழைய சீமை ஓடுகளைப் பதிப்பது. அந்த இடத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. சிமென்டும் கம்பியும் குறையும், தளத்தின் பாரமும் குறையும். கம்பி கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும்.

துளைச்சுவர்: ஜன்னலுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்குவது. காற்றும் வெளிச்சமும் வரும். மரச் செலவு இல்லை. தானியம் வைக்கும் அறைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

சிமென்ட் எங்கே, எவ்வளவு?

செவல் மண்ணுக்குப் பொருத்தமான இன்னொரு முறை, அழுத்திய மண் கல். சலித்த மண்ணில் நூறுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, கை இயந்திரத்தில் அழுத்தி எடுப்பார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நான்கு வாரம் நிழலில் மூடி ஈரம் காக்க வேண்டும். இதற்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, ஐ.எஸ். 1725. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், ஆரோவில்லும் பல வருஷம் இதில் உழைத்திருக்கின்றன. ஆரோவில்லில் இந்தக் கல்லால் எழுப்பிய நான்கு மாடிக் குடியிருப்பு இருக்கிறது. கல்லுக்கான மண் அந்த மனையில் தோண்டியது. கொத்தனார்களுக்கு அங்கே பயிற்சியும் தருகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 24 சென்டிமீட்டர் சதுரமும் 9 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கல் ஏறக்குறைய 10 கிலோ. ஒரு மூட்டை சிமென்டில் சுமார் 100 கல் வரும். 600 சதுர அடி வீட்டுச் சுவருக்குச் சுமார் 4,300 கல், கல்லுக்கு மட்டும் 43 மூட்டை. மண் எடுக்க 20 அடி நீளம், 15 அடி அகலம், 5 அடி ஆழம் தோண்டினால் போதும். அந்தக் குழியை அப்படியே பண்ணைக்குட்டையாக்கலாம். தள்ளி வைத்த மேல்மண் தோட்டத்துக்கு.

சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்குச் சிமென்ட். அதை ஒதுக்கவும் வேண்டாம், வாரி இறைக்கவும் வேண்டாம்.

இந்தக் குடும்பத்துக்கு என்ன வீடு?

ஐந்து பேருள்ள அந்த வீட்டுக்கு இப்படி ஒரு திட்டம் சொல்லலாம். கருங்கல் கடைக்கால், இரண்டடி பேஸ்மட்டம், அதன்மேல் ஒரு கான்கிரீட் பெல்ட். பட்டாசாலை, இரண்டு அறை, முன் திண்ணைக்கு மண் கல் சுவர். குளியலறை, கழிப்பறை, அடுக்களையில் தண்ணீர் படும் பக்கம் மட்டும் சுட்ட செங்கல்லும் சிமென்ட் பூச்சும். ஈரத்தோடு மண் சுவரைச் சண்டைக்கு விடக் கூடாது.

லிண்டல் மட்டத்தில் இன்னொரு பெல்ட். மேலே ஓடு பதித்த தளம், அல்லது பழைய வீட்டிலிருந்து பிரித்த மரமும் ஓடும். பனங்கை போடுவதானால் வைரம் பாய்ந்த பழைய பனையே வேண்டும். பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் விட்டமும் நிலையும் கதவும் புதிய மரத்தைவிடத் தரமாகக் கிடைக்கும்.

தரைக்குச் சாணம் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லோ, பாலிஷ் போட்ட ரெட் ஆக்சைடோ போடுங்கள். துடைப்பதோடு வேலை முடியும். சுவருக்குச் சுண்ணாம்பும் மண்ணும் கலந்த பூச்சு, மேலே வெள்ளை. மண் சுவர்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோல் உரிவதுபோல் உரியும். கரண்ட் குழாய், ஃபேன் கொக்கி, அலமாரி எங்கே என்பதைச் சுவர் எழும்பும் முன்பே குறித்துவிடுங்கள். கட்டிய பிறகு மண் கல்லை வெட்டக் கூடாது.

இந்த வீட்டில் பாட்டிக்கு வருஷா வருஷம் பூச்சு வேலை இல்லை, மெழுகும் வேலை இல்லை. பொங்கலுக்கு ஒரு வெள்ளையடிப்பு மட்டும்.

செலவு?

நேராகவே சொல்லிவிடுவோம். இயற்கை வீடு என்றாலே மலிவு என்பது தவறு. பொருள் செலவு குறையும், கூலி செலவு கூடும். வீட்டு ஆட்களும் உள்ளூர்க் கொத்தனாரும் சேர்ந்து செய்தால் மிச்சம் தெரியும். வெளியூர்க் குழுவை வரவழைத்தால் கான்கிரீட் வீட்டின் விலைக்கே வந்து நிற்கும். ஆனால் கூலிப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். கோடையில் ராத்திரி தூக்கமும் கிடைக்கும்.

அரசுத் திட்டத்தில் கட்டுகிறவர்கள் முதலில் ஒன்றிய அலுவலகப் பொறியாளரைப் பாருங்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இருக்க வேண்டும் என்பது விதி. சுவருக்கு எதை ஏற்பார்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். வங்கிக் கடனுக்கும் இதே எச்சரிக்கை.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

குளத்து மண்ணை எடுத்துச் சுவர் வைக்கலாமா?
வண்டலில் இலை தழை மக்கு அதிகம். வயலுக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. எந்த நோக்கத்துக்கு எடுத்தாலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகே எடுக்க வேண்டும்.

கரையான் ஏறாதா?
மண் சுவரைவிட மரத்தைத்தான் கரையான் தேடும். கல் பேஸ்மட்டமும் பெல்ட்டும் அதற்குத் தடை. மரம் மண்ணைத் தொடாமல் இருக்க வேண்டும். சுவரோரம் விறகு அடுக்கக் கூடாது.

சுண்ணாம்பை எப்படித் தயாரிப்பது?
சுட்ட சுண்ணாம்பைக் குழியில் தண்ணீரில் நீர்த்து, சில வாரமாவது ஊற விட வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். நீர்க்கும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இப்போதே கான்கிரீட் வீடு இருக்கிறது. வெக்கை தாங்கவில்லை. என்ன செய்வது?
பங்குனி பிறக்கும் முன் தட்டட்டிக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். தளத்தில் ஏறும் சூடு கணிசமாகக் குறையும். மேற்குச் சுவருக்கு வெளியே பந்தலோ மரமோ வையுங்கள்.

எழுதிய வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்த மாதமே வானம் தோண்ட வேண்டாம். மனையில் மூன்று இடத்தில் ஆளுயரக் குழி வெட்டி, கறுப்பா சிவப்பா, எத்தனை அடியில் கெட்டி தட்டுகிறது என்று பாருங்கள். பத்து மாதிரிக் கல் செய்து காயவைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போடுங்கள். மழை முடிந்ததும் அவற்றை உங்கள் அம்மா கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண் சுவரோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். எந்தக் கல் நிற்கும், எது கரையும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு நிலப் பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.